கஞ்சியும் ரசம் சோறும் இதற்குப் பத்தியம் அல்ல: எடைக் குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு டெல்டா வீடுகளுக்கு ஒரு புரதக் கணக்கு

2024 ஏப்ரலில், எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகச் சென்னை புறநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். வயது 26. சுகாதாரத் துறை விசாரணை நடத்தியது. “இந்த ஆபரேஷன் தேவையா, பாதுகாப்பானதா?” என்ற கேள்வி டிவி விவாதங்களிலும் வாட்ஸ்அப்பிலும் பல நாள் சுற்றியது.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீடு திரும்புகிறவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. அவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள்?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என டெல்டா ஊர்களிலிருந்து பேரியாட்ரிக் சர்ஜரிக்காகத் திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்களுக்கு, மருத்துவமனையில் கழிவது சில நாட்கள்தான். மிச்ச வாழ்நாள் முழுவதும் சாப்பாடு சொந்த வீட்டில். அந்த வீட்டின் சமையலறைக்கு ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சலா, கஞ்சி. வயிறு சரியில்லையா, ரசம் சோறு. ஆபரேஷன் முடிந்து வந்திருக்கிறாரா, குழைய வடித்த சோறும் பருப்புத் தண்ணியும். “ரெண்டு வாய் சாப்பிடும்மா, தெம்பா இருக்கும்” என்று அன்போடு ஊட்டுவார்கள்.

மற்ற நோய்களுக்கு அந்தப் பத்தியம் சரியாக இருக்கலாம். இந்த ஒரு ஆபரேஷனுக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். வயிற்றைச் சுருக்குவது டாக்டரின் வேலை. தட்டில் சோற்றின் இடத்தைச் சுருக்குவது வீட்டின் வேலை. இரண்டாவது வேலை நடக்காவிட்டால் முதல் வேலை பாதியில் நிற்கும்.

ஆபரேஷன் உண்மையில் என்ன செய்கிறது?

இந்தியாவில் அதிகம் செய்யப்படும் முறைகளில் ஒன்று ‘ஸ்லீவ்’. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குறுகிய குழாயாக மாற்றுவார்கள். சாதாரணமாக ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் இரைப்பை, 100 முதல் 150 மில்லி அளவுக்கு வந்துவிடும். அதாவது, ஒரு காபி டம்ளர்.

இன்னொன்று ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’. இதில் இரைப்பையின் மேல்பகுதியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டு, சிறுகுடலோடு நேரடியாக இணைக்கப்படும். சாப்பிடும் அளவு குறைவதோடு, சத்தை உறிஞ்சும் குடலின் ஒரு பகுதியும் தாண்டப்படுகிறது.

இரண்டிலுமே நடப்பது ஒன்றுதான். உள்ளே போகும் உணவு திடீரென மிகக் குறைகிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன்களும் மாறுகின்றன. உடல் தனது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்க ஆரம்பிக்கிறது. அதற்காகத்தானே ஆபரேஷன் என்று தோன்றும். ஆனால், உடல் கொழுப்பை மட்டும் பார்த்துப் பார்த்து எடுப்பதில்லை. போதுமான புரதம் உள்ளே வராவிட்டால் தசையையும் சேர்த்துக் கரைக்கும். வெயிங் மெஷினில் எண் இறங்கும்போது வீடே சந்தோஷப்படும். இறங்கியது கொழுப்பா, தசையா என்பதை அந்த மெஷின் சொல்லாது.

60 கிராம் என்றால் எவ்வளவு?

ஒரு சாதாரண இந்தியருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட கணக்கு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சுமார் 46 கிராம். பேரியாட்ரிக் சர்ஜரி செய்துகொண்டவர்களுக்கோ ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்பது உலகளவில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். உயரத்துக்கு ஏற்ற சரியான எடை எவ்வளவோ, அதில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை தேவைப்படலாம். சிலருக்கு இன்னும் அதிகம்கூட மருத்துவர் பரிந்துரைப்பார்.

சிக்கல் இங்கேதான். வயிறு காபி டம்ளர் அளவுக்கு வந்துவிட்டது. புரதத் தேவையோ முன்பைவிட ஏறிவிட்டது.

இப்போது சோற்றைப் பார்ப்போம். வடித்த சோறு 100 கிராமில் இருக்கும் புரதம் சுமார் 2.5 கிராம். 60 கிராம் புரதத்தைச் சோற்றிலிருந்தே எடுக்க வேண்டும் என்றால், ஒரு நாளைக்கு 2 கிலோ 400 கிராம் சோறு சாப்பிட வேண்டும். இட்லியில் எடுப்பதாக இருந்தால் சுமார் 30 இட்லி. ஆபரேஷன் செய்த வயிற்றுக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லியே அதிகம்.

அரிசிப் புரதத்தில் இன்னொரு குறையும் உண்டு. உடலால் தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான லைசின் அதில் குறைவு. பருப்பில் லைசின் நிறைய. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனைன் அரிசியில் பரவாயில்லை. அதனால்தான் பருப்பு சாதமும் இட்லியும் நல்ல ஜோடிகள். ஆனால், ஜோடி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும். நம் வீட்டு இட்லி மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான்.

“சாம்பார்லதான் பருப்பு இருக்கே?”

டெல்டா வீடுகளில் புரதம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மொத்தப் புரதம் சுமார் 22 கிராம். நான்காகப் பிரித்தால், தலைக்கு ஐந்தரை கிராம். அதுவும் மதியத்துக்கும் இரவுக்கும் சேர்த்து ஒரே சாம்பார் என்றால், வேளைக்கு மூன்று கிராம்கூடத் தேறாது.

ரசம் இன்னும் மோசம். பருப்புத் தண்ணியில் வைத்தாலும் அது பெரும்பாலும் தண்ணீர்தான். ருசிக்கு நல்லது, செரிமானத்துக்கு இதம். புரதக் கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம். மோருக்கும் இதே கதை. கெட்டித் தயிரில் 100 கிராமுக்கு 3 கிராம் புரதம் இருக்கிறது. மூன்று பங்கு தண்ணீர் ஊற்றிக் கடைந்தால், அதே அளவு மோரில் ஒரு கிராமுக்கும் குறைவு.

தண்ணியாக இருப்பதுதான் பிரச்சினை. பெரிய வயிற்றுக்கு அது பெரிய குறையில்லை, நாலு கரண்டி சேர்த்து ஊற்றிக்கொள்ளலாம். 100 மில்லி வயிற்றுக்கு அந்த வசதி கிடையாது. சாம்பாரும் சோறும் பிசைந்து நாலு வாய் உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிடும். அதன்பிறகு முட்டையோ மீனோ வைத்தால் இடமிருக்காது. “வயிறு நிறைய சாப்பிட்டேன்” என்று அவர் சொல்வது உண்மை. சத்து போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

அதனால்தான் மருத்துவர்களும் டயட்டீஷியன்களும் ‘புரதம் முதலில்’ என்கிறார்கள். தட்டில் முதலில் புரதம், அடுத்து காய்கறி, இடம் மிச்சமிருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். சோற்றை நடுவில் குவித்து, மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள என்று பழகிய ஊருக்கு, இது வெறும் டயட் மாற்றமாகத் தெரியாது. சாப்பாடு என்றால் என்ன என்பதையே மாற்றச் சொல்வதாகத்தான் தெரியும்.

புரதம் குறைந்தால் என்ன ஆகும்?

முதலில் கண்ணில் படுவது முடி. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது பலருக்கும் நடக்கும். வேகமாக எடை குறையும்போது உடலுக்கு ஏற்படும் அதிர்ச்சியே இதற்குப் பெரிய காரணம், பெரும்பாலும் முடி திரும்ப வளர்ந்துவிடும். ஆனால், புரதமும் இரும்புச்சத்தும் துத்தநாகமும் குறைந்தால் கொட்டுவது அதிகமாகும், நீளவும் செய்யும்.

முடியைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். மாடி ஏறினால் தொடை நடுங்குவது, தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் போவது, எப்போதும் ஒரு அசதி, புண் ஆறத் தாமதம், நோய் எதிர்ப்பு குறைவது. பற்றாக்குறை கடுமையானால் கால் வீங்கும். “எடை குறைஞ்சா சோர்வு இருக்கத்தான் செய்யும்” என்று இவற்றைத் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. தள்ளக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதும் கலோரியை எரித்துக்கொண்டிருப்பது தசை. அதை இழந்தவருக்கு, குறைந்த எடை திரும்பி வரும் வாய்ப்பும் கூடுகிறது. லட்சக்கணக்கில் செலவழித்து, வலியைத் தாங்கி, கடைசியில் பழைய எடையோடும் பலமில்லாத உடம்போடும் நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு?

இதோடு ஒரு எச்சரிக்கை. சர்ஜரிக்குப் பிறகு தொடர்ந்து வாந்தி எடுக்கிறவர்களுக்கு, தயமின் எனும் வைட்டமின் பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துபோகலாம். உடல் அதை அதிகம் சேமித்து வைப்பதில்லை. தீட்டிய வெள்ளை அரிசியில் அது மிகக் குறைவு. நடை தடுமாறுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் இதன் அறிகுறிகள். இது அவசர நிலை. “சாப்பாடு ஒத்துக்கலை, ரெண்டு நாள் கஞ்சி குடிச்சா சரியாயிடும்” என்று வீட்டில் வைத்துப் பார்த்தால் நரம்புகளுக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயலில் இருக்கிறது, தட்டில் இல்லை

‘புரதம்’ என்றதும் ஜிம் பையன்கள் குடிக்கும் பவுடர் டப்பாதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. டெல்டாவுக்கு இதைவிட வேடிக்கையான முரண் இருக்க முடியாது.

சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு வரும் தை மாதத்தில், அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பாசிப்பயறையும் தெளிப்பது இங்கே காலங்காலமான வழக்கம். தனியாக உழவு கிடையாது, பெரிதாகத் தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே பயிர் வந்துவிடும். 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், நெல்லுக்கு மட்டுமல்ல, நெல் தரிசில் விதைக்கும் உளுந்துக்கும் ரகம் வெளியிட்டிருக்கிறது. ‘ஆடுதுறை 3’ உளுந்து அப்படி வந்ததுதான். உளுந்திலும் பாசிப்பருப்பிலும் 100 கிராமுக்கு 23 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அரிசியில் இருப்பதைப் போல மூன்று மடங்கு.

கிழக்கே போனால் நாகப்பட்டினம் முதல் மல்லிப்பட்டினம் வரை கடல். உள்ளே வந்தால் குளத்திலும் வாய்க்காலிலும் விரால், கெண்டை, கெளுத்தி. மீன் 100 கிராமில் 18 முதல் 20 கிராம் வரை புரதம். முட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், ஒன்றுக்கு 6 கிராம். வீட்டுக்கு வீடு பால் கறந்த ஊர் இது.

நம் சமையலுக்கும் இது புதிதில்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சுறா புட்டும், வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் கொடுத்த வீடுகள் இவை. உடம்பு தேற வேண்டிய நேரத்தில் எது வேண்டும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் ஒருவருக்காக நாற்பது நாள் தனி உலை வைக்கவும் அவர்கள் அலுத்துக்கொண்டதில்லை. எடைக் குறைப்பு சர்ஜரி செய்துகொண்டவரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்க நமக்குத் தோன்றவில்லை. “எளைக்கத்தானே ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க, அப்புறம் எதுக்குச் சத்து சாப்பாடு?” என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்பு தவறு. இவரும் பத்தியச் சாப்பாடு வேண்டியவரே. இவருடைய பத்தியம் கஞ்சி இல்லை, பருப்பும் மீனும் முட்டையும்.

ஒரு நாள் கணக்கு: சைவத்திலும் 60 வருமா?

முதல் இரண்டு மாதங்களுக்குத் திரவம், கூழ், மசித்த உணவு என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். அந்தக் கட்டத்தை மருத்துவமனை சொல்கிறபடியே கடக்க வேண்டும். வழக்கமான உணவுக்கு அனுமதி கிடைத்த பிறகு, ஒரு சைவ வீட்டில் இப்படிக் கணக்குப் போடலாம்.

காலையில் 150 மில்லி பாலில் இரண்டு டேபிள்ஸ்பூன் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, சர்க்கரை போடாமல்: 10 கிராம்.

காலை உணவு, 30 கிராம் பருப்பு வகைகளை ஊறவைத்து அரைத்த ஒரு சின்ன அடை: 7 கிராம்.

11 மணிக்கு, கெட்டி மோரில் 20 கிராம் பொட்டுக்கடலை மாவு கரைத்து: 6 கிராம்.

மதியம், 50 கிராம் பன்னீர், அரை கப் கெட்டிப் பருப்பு, அதற்குப் பிறகு இரண்டு ஸ்பூன் சோறு: 13 கிராம்.

மாலையில் அரை கப் சுண்டல்: 6 கிராம்.

இரவு, 20 கிராம் சோயா சங்க்ஸை ஊறவைத்து வதக்கி, அதோடு 100 கிராம் தயிர்: 13 கிராம்.

படுக்கும் முன் 150 மில்லி பால்: 5 கிராம்.

மொத்தம் 60. வெளிநாட்டுத் தயிர், அவகாடோ எதுவும் இதில் இல்லை. எல்லாமே தெருமுனை மளிகைக் கடையில் கிடைப்பவை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். இரண்டு முட்டை 12 கிராம். மதியம் முள் நீக்கிய 60 கிராம் மீன் 12. இரவு வேகவைத்த 50 கிராம் கோழி 13. நாள் முழுவதும் சேர்த்து 300 மில்லி பால் 10, தயிர் 3, அரை கப் சுண்டல் 6, கெட்டிப் பருப்பு 4. இதுவும் 60தான்.

இது ஒரு மாதிரிக் கணக்கு மட்டுமே. அவரவர் உடலுக்கு எவ்வளவு என்பதை டயட்டீஷியன்தான் சொல்ல வேண்டும். சுண்டலும் சோயாவும் ஆரம்பத்தில் சிலருக்கு வாயுத் தொல்லை தரும். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் தொடங்கி மெல்ல மற்றவற்றுக்குப் போவது நல்லது. பைபாஸ் செய்தவர்கள் பாயசம், அசோகா அல்வா, சர்க்கரை போட்ட காபி விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரும். டாக்டர்கள் இதை ‘டம்பிங்’ என்பார்கள்.

பவுடர் வேணுமா, வேண்டாமா?

2024 மே மாதம் ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொன்னது. உடனே, “பாத்தியா, கவர்மென்ட்டே வேண்டாம்னு சொல்லிடுச்சு” என்று ஃபார்வர்டு பறந்தது. அந்த அறிவுரை பொதுமக்களுக்கானது. ஆபரேஷன் முடிந்து முதல் வாரங்களில் திரவம் மட்டுமே குடிக்கும் ஒருவருக்கு, 60 கிராமை வெறும் பாலில் எட்டுவது நடக்காத காரியம். கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் பால் வேண்டும். அந்தக் கட்டத்தில் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பவுடர் என்பது ஆடம்பரம் இல்லை, மருந்து மாதிரி. அதை நிறுத்தச் சொல்வதற்கு மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் உரிமையில்லை.

அதே நேரத்தில், காலம் முழுக்கப் பவுடரையே நம்பியிருப்பதும் தீர்வல்ல. டப்பா விலை பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. மூன்றாவது டப்பாவோடு நிறுத்திவிட்டு, நாலாவது மாதம் பழையபடி சோற்றுக்குத் திரும்பினால் என்ன லாபம்? முதல் மாதங்களுக்குப் பவுடர், அதற்குள் வீட்டுச் சமையலைத் திருப்பிவிடுவது என்பதுதான் ஓடக்கூடிய திட்டம்.

“புரோட்டீன் அதிகமானா கிட்னி போயிடுமே” என்ற பயமும் பரவலாக இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு 60, 70 கிராம் என்பது அதிகப்படி இல்லை. ஆனால், சர்க்கரை நோயால் ஏற்கெனவே சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவர் சொல்லும் எல்லைக்குள்தான் சாப்பிட வேண்டும்.

நடுத்துண்டு யாருக்கு?

இத்தனை கணக்கையும் கவிழ்க்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. அது வீட்டின் பந்தி வரிசை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். பெண்கள்தான் அதிகம். அந்தப் பெண்கள்தான் பல வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்கிறார்கள். அதற்குள் மீனின் நடுத்துண்டு கணவருக்குப் போயிருக்கும், முட்டை பிள்ளைகளுக்குப் போயிருக்கும். சட்டியில் மிஞ்சுவது வாலும் குழம்பும், பானையில் மிஞ்சுவது சோறும்.

வழக்கமான வயிறாக இருந்தாலே இது அநியாயம். ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கு இது நேரடியான உடல்நலக் கேடு. ஒரு நாளைக்கு ஆறு முறை, சின்னச் சின்ன அளவில், நேரத்துக்கு, மென்று நிதானமாகச் சாப்பிட வேண்டியவர் அவர். “ஆறு வேளை தனியா தட்டு போட்டு உக்காந்தா மாமியார் என்ன நினைப்பாங்க?” என்ற தயக்கம் அவருக்கு இருக்கும். அந்தத் தயக்கத்தை அவர்தான் உடைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. உடைக்க வேண்டியது கணவரும் மாமியாரும். “நீ முதல்ல சாப்பிட்டுட்டு வா, நான் பரிமாறிக்கிறேன்” என்ற ஒரு வார்த்தை, எந்தப் பவுடரையும்விட அதிக வேலை செய்யும்.

வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊரில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ சர்ஜரி செலவை ஏற்றுக்கொண்ட மகன், மகள்கள் பலர். போனில் “எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு?” என்று கேட்பதோடு, “இன்னிக்கு என்னென்ன சாப்பிட்டே?” என்றும் கேட்க வேண்டும்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியது

பழியை வீட்டின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. ஆபரேஷனை விளம்பரப்படுத்தும்போது ‘முன்பு, பின்பு’ படங்கள் வருகின்றன. அந்த இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கும் சமையலறை எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

மூன்று விஷயங்கள் கட்டாயமாக வேண்டும். ஒன்று, சமைப்பவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து போடும் நாளிலேயே, அந்த வீட்டில் கரண்டி பிடிப்பவர் டயட்டீஷியன் முன்னால் இருக்க வேண்டும். இரண்டு, உணவுப் பட்டியல் தமிழில், கரண்டி, டம்ளர், கிண்ணம் என்ற வீட்டு அளவுகளில், நம் ஊர்ச் சமையல் பெயர்களோடு இருக்க வேண்டும். பருப்பு உசிலியும் பாசிப்பருப்புக் கடையலும் நெத்திலியும் அதில் இடம்பெற வேண்டும். மூன்று, பேக்கேஜ் கட்டணம் டிஸ்சார்ஜோடு முடியக் கூடாது. ரத்தத்தில் அல்புமின், இரும்பு, பி12, வைட்டமின் டி போன்ற பரிசோதனைகளும் டயட்டீஷியன் ஆலோசனையும் குறைந்தது முதல் ஆண்டு முழுவதும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆண்டுக்கொருமுறை பரிசோதனை வாழ்நாள் முழுக்கத் தேவை. திருச்சிக்கும் சென்னைக்கும் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறிப் போக முடியாதவர்களுக்கு வீடியோ கால் இருக்கிறது.

அரசுக்கும் இது தெரியாத வேலையில்லை. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் சோறும் சாம்பாருமாகத்தான் தொடங்கியது. பிறகு முட்டை வந்தது, சுண்டல் வந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் தட்டையே தமிழ்நாடு மாற்றிக் காட்டியிருக்கிறது. ரேஷனில் அரிசி விலையில்லாமலும் துவரம்பருப்பு மானிய விலையிலும் கிடைக்கும் மாநிலம் இது. டெல்டாவில் விளையும் உளுந்தும் பாசிப்பயறும் அந்த ரேஷன் பையில் சேர்ந்தால், விவசாயிக்கும் லாபம், வீட்டுக்கும் லாபம்.

ஆபரேஷன் செய்யாதவர்களுக்கும் இதுதான்

2025இல் மவுஞ்சாரோ, வெகோவி என எடை குறைக்கும் ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. கத்தி இல்லை, தையல் இல்லை என்பதால் இவற்றை நாடுகிறவர்கள் அதிகம். ஆனால், இங்கேயும் பசி குறைகிறது, சாப்பாட்டின் அளவு குறைகிறது, தசை கரையும் ஆபத்து அப்படியே இருக்கிறது. நாலு வாய்தான் இறங்கும் என்றால், அந்த நாலு வாயும் எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்வி இவர்களுக்கும் உண்டு.

சோற்றை யாரும் விரோதியாக்க வேண்டியதில்லை. நெல் விளையும் மண்ணில் சோற்றை வெறுக்கச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்பது இவ்வளவுதான்: சர்ஜரி செய்துகொண்டவரின் தட்டில் சோறு கடைசியாக வரட்டும். பரிமாறும் கை முதலில் முட்டையை எடுக்கட்டும், மீனை எடுக்கட்டும், கெட்டிப் பருப்பை எடுக்கட்டும். அவர் “போதும்” என்று சொன்னால், “இன்னும் ரெண்டு வாய் சோறு” என்று யாரும் வற்புறுத்த வேண்டாம்.